இரவல் வகுப்பறை

கல்வியியல் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் தம் பயிற்சிக் காலத்தில் எழுதிக் குவிக்கும் பாடக் குறிப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு குறிப்பிலும் ‘நோக்கங்கள்’ என்றொரு பகுதி உண்டு. இப்பாடத்தின் முடிவில் மாணவர் இன்னதை அறிவார், இன்னதைப் புரிந்துகொள்வார், இன்ன சூழலில் அதனைப் பயன்படுத்துவார் என்று அங்கே வரிசையாக எழுதவேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய தோழர்களும் 1956ஆம் ஆண்டு வகுத்துத் தந்த பகுப்புமுறை இன்றும் நம் ஊர்ப் பாடக் குறிப்பேடுகளில் உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு பாடவேளைக்கு இத்தனை நோக்கங்களை எழுதும் அந்த இளைஞர், அப்பள்ளியில் தாம் கழிக்கப்போகும் பருவம் முழுவதற்கும் தமக்கென்று ஒரு நோக்கத்தையேனும் எழுதி வைத்திருக்கிறாரா? இவ்வாறு கேட்டால் பெரும்பாலும் ஒரு புன்னகைதான் விடையாகக் கிடைக்கிறது.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம், சிறியதன்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டுப் படிப்பாக்கின. பள்ளியில் பெறும் நேரடிப் பயிற்சிக்கு முதலாண்டில் 4 வாரங்கள், இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள், ஆக 20 வாரங்கள் என்று அவை வரையறுத்தன. பதினாறு வாரம் என்பது ஒரு கல்வியாண்டின் கணிசமான பங்கு. அத்தனை நாளும் நம் பிள்ளைகள் ஒரு பயிற்சி ஆசிரியரின் குரலைக் கேட்கிறார்கள். அவருடைய கோபத்தையும் கனிவையும் காண்கிறார்கள். அவர் எதை நாடி அவ்வகுப்பறைக்குள் நுழைகிறார் என்பது அவருடைய சொந்த விவகாரம் மட்டும்தானா? அதில் அறம் சார்ந்த கேள்வி ஏதும் இல்லையா? நம் பங்குகளில் ஆசிரியப் பணியை நாடிச் செல்லும் இளையோர் பலர். அவர்கள் முன் அமரும் பிள்ளைகளோ நம் அனைவருடைய பிள்ளைகள். எனவே இதனைச் சற்று நின்று சிந்திப்போம்.

யாருடைய நேரம்?

தையல் கற்பவர் முதலில் கழிவுத் துணியில் தைத்துப் பழகுகிறார். வண்டி ஓட்டக் கற்பவர் ஆளில்லாத திடலில் ஓட்டிப் பழகுகிறார். துணி கிழிந்தால் இழப்பு சிறிது. திடலில் தடம் மாறினால் புழுதிதான் எழும். ஆசிரியப் பயிற்சியிலும் இப்படியொரு திடல் உண்டு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறை அது. சிலரை மட்டும் முன்னே அமர்த்தி, சில நிமிடங்களுக்கு, ஒரே ஒரு திறனை மட்டும் பயின்று பார்ப்பர். நம் கல்லூரிகளில் உடன்பயிலும் தோழர்களே பிள்ளைகளாக அமர்ந்துகொள்வதால், அங்கே தவறினால் சிரிப்பு எழும், வேறு கேடில்லை.

ஆனால் திடலிலேயே எவரும் ஆசிரியராகிவிட முடியாது. ஒருநாள் உண்மையான பிள்ளைகள் முன் நின்றே ஆகவேண்டும். அப்பிள்ளைகளோ கழிவுத் துணி அல்லர். எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கு அந்த எட்டாம் வகுப்பு வாழ்வில் ஒரே ஒருமுறைதான் வாய்க்கும். அவளுக்குப் பாடம் விளங்காமல் கழிந்த வாரங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்று ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளிவந்த தம் அறவியல் நூலில் வலியுறுத்தினார். அவருக்கு முன்னும் பின்னும் திருச்சபை மனித மாண்பைப் பற்றிப் போதித்து வருவதும் இதுவே. அவ்வாறாயின், ஓர் இளைஞர் ஆசிரியராவதற்காகப் பிள்ளைகளின் காலத்தைச் செலவிடுவது அநீதி ஆகாதா?

ஆகாது, ஆயின் ஒரு நிபந்தனையோடு. இன்று யாரும் பயிலாவிட்டால் நாளைய பிள்ளைகளுக்கு ஆசிரியர் இரார். ஆகவே சமுதாயம் ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்திருக்கிறது. பள்ளி தன் வகுப்பறையை இரவல் தருகிறது. நிலையான ஆசிரியர் தம் பிள்ளைகளை ஒப்படைக்கிறார். பிள்ளைகள் தங்கள் நாள்களைக் கொடுக்கிறார்கள். இரவல் வாங்கிய குடத்தை விரிசல் விடாமல், கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இயன்றால் அதில் ஒரு பிடி அரிசியோ இரண்டு பழமோ வைத்துக் கொடுப்பாரும் உண்டு. பயிற்சி ஆசிரியர் தமக்கென வகுத்துக்கொள்ளும் எந்தக் குறிக்கோளையும் அளக்க இந்த வழக்கத்தைவிடச் சிறந்த அளவுகோலை நாம் அறியோம். இரவல் வாங்கிய வகுப்பறையை எந்நிலையில் திருப்பித் தரப்போகிறோம்?

ஒரு பட்டியல்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பயிற்சிக்குப் புறப்படுமுன் ஆசீர் பெற வந்தார். குறிக்கோள்களை எழுதிவருமாறு கல்லூரியில் சொல்லியிருந்தார்களாம். தாளை நீட்டினார். தனிப்பட்டவை, பணி சார்ந்தவை என இரு பத்தியாக அழகாகப் பிரித்திருந்தார். மேடை அச்சம் நீங்கவேண்டும். குரல் தெளிவாக வேண்டும். நேரம் தவறலாகாது என்பவை ஒரு பக்கம். கரும்பலகைக் கையெழுத்து சிறக்கவேண்டும். குறித்த பாடங்கள் அனைத்தையும் முடிக்கவேண்டும். செய்முறைத் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் பெறவேண்டும் என்பவை மறுபக்கம்.

“எல்லாம் நல்லவைதான், அம்மா. ஆனால் இதில் பிள்ளைகளைக் காணோமே?” என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சுவாமி, மார்க் இல்லேன்னா வேலை ஏது? அப்பா வட்டிக்கு வாங்கித்தான் படிக்க வைக்கிறாங்க” என்றார்.

அவ்விடையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர், கடன் சுமை, பயிற்சி முடிந்தபின் தகுதித் தேர்வு, அதன்பின் எத்தனை ஆண்டுக் காத்திருப்போ! இத்தகையவரிடம் சென்று, “மதிப்பெண்ணை மறந்துவிடு, பிள்ளைகளை மட்டும் நினை” என்று சொல்வது எளிது, நேர்மையன்று. பசித்தவருக்கு நோன்பின் மேன்மையை எடுத்துரைப்பது போலாகும். எனவே அவருடைய நலனும் பிள்ளைகளின் நலனும் ஒன்றோடொன்று எவ்வாறு நிற்கவேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

கொத்தனாரின் சுவர்

இறையியல் பயின்றோர் குருமடத்தில் ஒரு வேறுபாட்டைக் கற்றிருப்பர். செயலுக்கென்று ஒரு நோக்கம் உண்டு. செய்பவருக்கென்று ஒரு நோக்கம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. கொத்தனார் சுவர் எழுப்புகிறார். அவர் மாலையில் கூலியை நாடுகிறார். சுவரோ நேராக நிற்பதை நாடுகிறது எனலாம். கூலியை நாடுவதில் பாவம் ஏதுமில்லை. உழைப்பவர் கூலி பெறுதல் நீதியே. ஆனால் கூலியின்மீது கொண்ட ஆவல் சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டச் செய்தால், செய்பவரின் நோக்கம் செயலின் நோக்கத்தை விழுங்கிவிடுகிறது. கூலி கைக்கு வந்துவிடும். சுவர் ஒரு மழைக்காலத்தில் சரியும். அப்போது அதன் நிழலில் நிற்பவர் கொத்தனார் அல்லர்.

கற்பித்தல் என்னும் செயலின் நோக்கம் பிள்ளை கற்பதே. பயிற்சியாளர் மதிப்பெண்ணை நாடலாம். நற்சான்றையும் வேலையையும் நாடலாம். இவை செய்பவரின் நோக்கங்கள். பிள்ளை கற்பதன் வழியாகவே அவற்றை அடையவேண்டும். பிள்ளையைச் சுற்றிக்கொண்டு அல்ல.

சுற்றுவழி எது என்பதைப் பயிற்சிக்குச் சென்றவர்கள் அறிவர். செய்முறைத் தேர்வு நாளில் பார்வையிட வருவோர் முன் நடத்தவேண்டிய பாடத்தை, அதே பிள்ளைகளுக்கு முந்திய நாளே நடத்திவிடுவது. கேள்விகளையும் விடைகளையும் பங்கிட்டுக் கொடுத்துவிடுவது. விடை தெரிந்தவர் வலக்கையையும் தெரியாதவர் இடக்கையையும் உயர்த்தவேண்டும். அப்போது எல்லாக் கைகளும் உயர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, வாய் திறவாதிருக்கச் சொல்வதும் உண்டு. குறிப்பேடுகளிலும் இப்படியே: நடத்தாத அடைவுச் சோதனைக்கு மதிப்பெண் பட்டியல், பேசிப் பாராத பிள்ளையைப் பற்றிப் பல பக்கத் தனியாள் ஆய்வு.

“எல்லாரும் செய்வதுதானே? பார்வையிட வருபவருக்கும் தெரிந்ததுதானே? யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்பர். நட்டம் யாருக்கென்று அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும். தன் ஆசிரியை அந்நியர் ஒருவர் முன் தன்னை உடந்தையாக்கிப் பொய் நடிப்பதை அவன் பார்க்கிறான். அன்று பாடப்புத்தகத்தில் உள்ளதை மறந்தாலும் அதை மறக்கமாட்டான். இடக்கையை உயர்த்திய பிள்ளையோ இன்னொன்றையும் கற்கிறது: தெரியாமை என்பது மறைக்கவேண்டிய இழிவு, தன் ஐயம் வகுப்புக்கு ஓர் இடையூறு. ஐயத்தைக் கேட்கும் துணிவை வளர்க்கவேண்டிய இடத்தில் அதனை ஒளிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தாயிற்று. குடம் விரிசலோடு திரும்புகிறது என்பது இதுதான். தொண்ணூறு மதிப்பெண் என்னும் குறிக்கோளில் தவறில்லை. அதற்கு மேலே வேறொரு குறிக்கோள் இல்லாமற்போனதுதான் தவறு.

கையில் இருப்பதும் இல்லாததும்

அப்படியானால், ‘என் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி பெறவேண்டும்’ என்று எழுதிக்கொள்ளலாமா? பிள்ளைகள் இங்கே இடம்பெற்றுவிட்டார்கள் அல்லவா? இதிலும் ஓர் இடர் உண்டு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இளம் பேராசிரியராக இருந்த நாள்களில், 1256க்கும் 1259க்கும் இடையில், புனித தாமஸ் அக்வினாஸ் உண்மையைப் பற்றிய விவாதங்களை நடத்தினார். அவற்றுள் பதினோராவது, ஆசிரியரைப் பற்றியது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு அறிவைத் தரமுடியுமா என்று கேட்டு, மருத்துவரை உவமையாக எடுத்துக்கொள்கிறார். நோயைக் குணமாக்குவது உடலுக்குள் இருக்கும் இயற்கை ஆற்றலே. மருத்துவர் அதற்குத் துணைநிற்கிறார். அதுபோலவே, கற்பது பிள்ளையின் உள்ளத்தில் இறைவன் ஏற்றிய அறிவொளியின் செயல். ஆசிரியர் அதற்குத் துணைநிற்பவர்.

இதில் ஆசிரியருக்கு ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் உள்ளன. பிள்ளை கற்பது பிள்ளையின் செயலாதலால், அதனை நம் சாதனைப் பட்டியலில் ஓர் எண்ணாக எழுதிவைக்க நமக்கு உரிமையில்லை. அவ்வாறு எழுதிவைத்தவர், எண்ணிக்கை குறையும்போது பிள்ளையின்மீது சினம் கொள்கிறார். மெல்லக் கற்பவன் அவருடைய குறிக்கோளுக்குக் குறுக்கே நிற்பவனாகிவிடுகிறான். அவ்வேளையில்தான் கை பிரம்பைத் தேடுகிறது; நாக்கு கடுஞ்சொல்லைத் தேடுகிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் ஒருங்கே தடைசெய்கிறது. சட்டம் பிரம்பைப் பறிக்கலாம். பிரம்பைத் தேடவைக்கும் குறிக்கோளை நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் தொடக்கத்தில் வில்லாளியைக் குறிப்பிடுகிறார். குறி கண்முன் இருந்தால்தான் எய்வது எளிதாகும் என்பது அவர் கருத்து. பின்வந்த ஸ்டோயிக்கர் அதே வில்லாளியை வேறு கோணத்தில் நோக்கினர். சிசரோ அதனைப் பதிவு செய்திருக்கிறார். நேராகக் குறிபார்க்கத் தன்னாலான அனைத்தையும் செய்வதே வில்லாளியின் கடமை. அம்பு நாணை விட்டபின் அது அவன் வசத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். கண் பிள்ளையின்மீது இருக்கட்டும்; குறிக்கோளாக எழுதிவைப்பது நம் கையால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். ‘அனைவரும் தேர்ச்சி பெறுவர்’ என்பது நம் வசத்தில் இல்லை. ‘தவறாக எழுதிய ஒவ்வொரு பிள்ளையிடமும், எப்படிச் செய்தாய் என்று ஒருமுறை கேட்பேன்’ என்பது நம் வசத்தில் உள்ளது. அதன் பயனோ பிள்ளையைச் சேர்கிறது.

நான்கு வரிகள்

ஒரு பருவத்துக்கு நீண்ட பட்டியல் வேண்டா. நான்கு வரிகள் போதும் என்பது நம் எண்ணம்.

முதல் வரி, பெயர்கள். இரண்டாம் வாரம் முடிவதற்குள் வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் மதிப்பெண் அல்லாத ஒரு செய்தியை அறிந்திருக்கவேண்டும். புதிய ஆசிரியரின் கண் இயல்பாகவே கை உயர்த்தும் முன்வரிசையை நாடும். பெயர் தெரியாத பிள்ளை கேள்வி கேட்கப்படாத பிள்ளையாகவே பருவத்தைக் கழித்துவிடும்.

இரண்டாம் வரி, ஒரு தவறைப் புரிந்துகொள்ளுதல். ஆறாம் வகுப்புப் பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறான் என்க. சிவப்பு மையால் குறுக்கே கோடிட இரண்டு நொடி போதும். ‘எப்படிச் செய்தாய், ராசா?’ என்று கேட்டால்தான், மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டினேன் என்பான். அவன் பார்வையில் அதுவும் ஓர் ஒழுங்கே. பாதியோடு இன்னொரு பங்கைச் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று கேட்டு, 2/5 பாதியைவிடச் சிறியது என்பதைக் காணச் செய்து, ஒரு தாளை ஆறு மடிப்பாக மடித்து மூன்றையும் இரண்டையும் எண்ணச் சொன்னால், 5/6 என்பதை அவனே கண்டுகொள்வான். பருவம் முழுவதிலும் தம் பாடத்தில் இத்தகைய பத்துத் தவறுகளின் வேரைக் கண்டவர், நூறு பாடக் குறிப்புகள் எழுதியவரைவிட மேலாகப் பயின்றவர் ஆவார்.

மூன்றாம் வரி, தம்மிடமுள்ள ஒரு குறை. ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950இல் அறிவிக்கப்பட்ட புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், 1680களில் பிரான்சு நாட்டின் ரைம்ஸ் நகரில் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். அவருடைய சபையில் வழங்கிவந்த பள்ளி நடைமுறைக் கையேடு, புதிய ஆசிரியரைப் பயிற்றுவிப்பதில் இரண்டு வேலைகள் உண்டு என்கிறது: அவரிடம் இருக்கலாகாததை அகற்றுவது, இல்லாததைத் தருவது. அகற்றவேண்டியவற்றின் வரிசையில் பேசிக்கொண்டே இருக்கும் ஆசை, படபடப்பு, கடுமை, சில பிள்ளைகளிடம் மட்டும் காட்டும் பாசம், மனத்தளர்ச்சி ஆகியன வருகின்றன. இவற்றுள் தனிப்பட்டது எது, பணி சார்ந்தது எது? பிரித்துப் பாருங்கள், பிரிக்க முடியாது. அந்த இளம்பெண்ணின் தாளில் இருந்த இரு பத்திகளும் வகுப்பறை வாசலில் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டில் பொறுமையற்றவர் வகுப்பில் பொறுமையுள்ளவராதல் அரிது.

ஒரே குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். பலவற்றை எடுத்துக்கொண்டால் எதுவும் நடவாது. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் இதற்கொரு எளிய வழி சொல்லியிருக்கிறார். காலையில் அக்குறையை நினைவில் கொண்டு எழுவது. நண்பகலுக்குப் பின்னும் இரவிலும் எத்தனை முறை தவறினோம் என்று எண்ணி, கோட்டின்மீது அத்தனை புள்ளிகள் இடுவது. ஒரு நாளை மறுநாளோடும், ஒரு வாரத்தை மறு வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. படைவீரராய் இருந்தவரின் கணக்கு அது. பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் இதற்குப் போதும்; அதனை எவரும் மதிப்பிட்டு மதிப்பெண் இடப்போவதில்லை என்பதே அதன் சிறப்பு.

நான்காம் வரி, வகுப்பின் நிலையான ஆசிரியரிடமிருந்து கற்கவேண்டிய ஒன்று. புதிய முறைகளைக் கற்றுவந்த இளையோருக்கு இருபதாண்டுகளாக அதே வகுப்பில் நிற்பவர் பழமையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வகுப்பு அமைதியடையும் நொடியை அவர் அறிவார். எந்தப் பிள்ளை காலை உணவின்றி வருகிறது என்பதை அறிவார். அவர் எவ்வாறு பாடத்தைத் தொடங்குகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பது கல்லூரியில் கிடைக்காத பாடம்.

தளர்ச்சி வரும் நாள்

எத்தனை நன்றாக எழுதிய குறிக்கோளும் ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ மங்கும். சொன்னதையே சொல்லவேண்டியிருக்கும், பிள்ளைகள் கொட்டாவி விடுவர், தாம் இதற்குத் தகுதியற்றவர் என்ற எண்ணம் தலைதூக்கும். ஏறத்தாழ கி.பி. 400ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தெயோகிராசியாஸ் இதே தளர்ச்சியோடு புனித அகுஸ்தினாரை நாடினார். புதியவர்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும்போது தம் பேச்சு தமக்கே சுவையற்றுப் போகிறது என்பது அவருடைய முறையீடு. நாவன்மைக்குப் பெயர்பெற்ற அகுஸ்தினார் ஒரு நூலையே மறுமொழியாக எழுதினார். தம் பேச்சும் தமக்கு நிறைவளிப்பதில்லை என்றும், ஆனால் கேட்பவர் அதனை அவ்வாறே உணர்வதாகக் கொள்ளவேண்டியதில்லை என்றும் சொல்லித் தேற்றினார். நாம் பலமுறை கண்டு சலித்த ஊரைப் புதியவர் ஒருவருக்குச் சுற்றிக் காட்டும்போது, அவருடைய வியப்பால் நமக்கும் அது புதிதாகிறதல்லவா என்று கேட்டார். நின்றுகொண்டே கேட்பவர் களைத்துப் போனால் அவருக்கு ஓர் இருக்கை கொடுக்கச் சொன்னார்.

அந்த இருக்கையை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. கேட்பவர் சோர்ந்தால் பேச்சின் அழகைக் கூட்டு என்று அவர் முதலில் சொல்லவில்லை. அவருடைய கால் வலியைக் கவனி என்கிறார். தளர்ச்சியுற்ற ஆசிரியர் தம்மையே உற்றுநோக்கிக்கொண்டு இருக்கிறார்: என் குரல், என் திறமை, என் தோல்வி. கண்ணைப் பிள்ளையின் பக்கம் திருப்பிய அளவில் செய்யவேண்டிய சிறு செயல் ஒன்று தென்பட்டுவிடுகிறது. சாளரத்தைத் திறக்கலாம், பாடத்தைப் பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம், கடைசி வரிசையை முன்னே அழைக்கலாம்.

விடைபெறும் நாள்

பயிற்சியின் இறுதி நாளில் இனிப்பு வழங்குவர், படம் எடுத்துக்கொள்வர், சில பிள்ளைகள் அழுவர். “நான் வரும்போது பிள்ளைகள் அழுதார்கள்” என்று மகிழ்வோடு சொல்வோர் பலர். அன்பு நல்லதே. ஆனால் அதனை வெற்றியின் அளவாகக் கொள்ளலாகாது. நிலையான ஆசிரியரின் கண்டிப்புக்கு மாற்றாகத் தம்மைக் காட்டிச் சில வாரங்களில் பிள்ளைகளின் உள்ளத்தைக் கவர்வது கடினமன்று. மறுநாள் காலையில் அவ்வாசிரியர் எவ்வாறு அவ்வகுப்பில் நிற்பார்? விடைபெறுமுன், எந்தப் பாடம் எதுவரை முடிந்தது, எந்தப் பிள்ளைக்கு எதில் ஐயம் எஞ்சியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் ஒப்படைப்பதே கடனைத் தீர்க்கும் முறை.

கடமை ஒருதலையானதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஆசிரியப் பணிக்கு அறிவிலும் உள்ளத்திலும் தனிப் பண்புகளும் மிகக் கவனமான பயிற்சியும் தேவை என்று கூறுகிறது. அப்பயிற்சியைத் தரவேண்டியவர் யார்? வகுப்பறையை இரவல் தரும் பள்ளியும்தானே? பயிற்சி ஆசிரியரை வராத ஆசிரியரின் வகுப்புக்குக் காவலாகவும், விடைத்தாள் திருத்தும் கையாகவும், விழாவுக்கு நாற்காலி அடுக்கும் ஆளாகவும் மட்டும் பயன்படுத்தினால், நாமும் ஒரு மனிதரை வெறும் கருவியாக்கியவர் ஆகிறோம். அவருடைய பாடத்தை ஒருவர் அமர்ந்து கேட்கவேண்டும். நல்லதை நல்லது என்றும், குறையைக் குறை என்றும் தனியே அழைத்துச் சொல்லவேண்டும். பார்வையிட வருவோரும், ஒத்திகை பார்த்த பாடத்தைவிட, தடுமாறினாலும் உண்மையான பாடத்தை உயர்வாக மதிக்கவேண்டும். நேர்மைக்கு மதிப்பெண் குறையும் இடத்தில், கடன் சுமந்து படிக்கும் இளையோரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

பெற்றோராகிய நமக்கும் ஒரு பங்குண்டு. “பயிற்சி டீச்சர்தானே” என்று பிள்ளைகள் வீட்டில் ஏளனமாகச் சொல்லும்போது, நாமும் சேர்ந்து சிரிக்காதிருக்கலாம். “இன்று அந்த டீச்சர் உன்னிடம் என்ன கேட்டார்?” என்று விசாரிக்கலாம். நம் பிள்ளை தன் நாள்களைக் கொடுத்து ஓர் ஆசிரியரை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அது சிறிய கொடை அன்று. அதனைப் பெறுகிறவர் இப்பருவத்தின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மதிப்பெண்ணுக்கு மேலே முதல் வரியாக ஒரு பிள்ளையின் பெயரை எழுதுவாரானால், எஞ்சிய குறிக்கோள்கள் தத்தம் இடத்தில் தாமே அமர்ந்துகொள்ளும்.